லேசர்காரி வாயில் லேசர்

லேசர் மெஷினிலிருந்து என்னை எடுத்துப் பேக்கிங்கில் போட்ட அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. நான் கர்ப்பம் என்று சொன்னதுதான் நான் செய்த தப்பு. வயிறு தெரிய ஆரம்பிக்கிறதே, நாமாகவே சொல்லிவிடுவோம் என்று நாலாம் மாதம் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். சிரித்த முகமாக வாழ்த்தினார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் ஷிஃப்டுக்குப் போனால் என் மெஷின் முன்னால் வேறொருத்தர் நிற்கிறார்.

"லேசர் கதிரும்மா அது. வயித்துப் புள்ளைக்கு ஆவாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் சூப்பர்வைசர்.

உன் நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலையை என் நல்லதுக்கு என்று கொடுத்தால் நான் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கிறது. இரும்புத் தகடுகளை வேண்டிய வடிவத்தில் வெட்டிக் கொடுப்பது வேலை. என் மெஷின் ஒரு வேன் அளவுக்கு மூடின கூண்டு. தகட்டை உள்ளே ஏற்றி, கதவைச் சாத்தி, பட்டனைத் தட்டினால் வெட்டுகிற ஹெட் தகட்டின் மேல் ஓடும். லேசர் ஒளி விழுந்த இடம் முதலில் ஒரு புள்ளியாகத் துளைக்கும், பிறகு தண்ணீரில் கோடு இழுப்பதுபோல வெட்டிக்கொண்டே போகும். பச்சைக் கண்ணாடி வழியாக அந்தப் பொறி பறப்பதைப் பார்க்க எனக்குச் சலித்ததே இல்லை. கதவு கட்டைவிரல் அளவு திறந்தாலும் ஒளி நின்றுபோகும், அப்படி ஒரு பூட்டு அதில். ஐ.டி.ஐ. முடித்து, பேக்கிங்கில் கிடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, கற்றுக்கொண்டு வாங்கின மெஷின் அது. என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பொம்பளைகள் அதுவரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்த ஷெட்டில் லேசர் ஓட்டின முதல் பொம்பளை நான். கேன்டீனில் என்னை லேசர்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதனால்தான் அந்தப் பயம். எங்கள் ஷெட்டில் மெஷினை விட்டு இறங்கினவர்கள் திரும்ப ஏறினதை நான் பார்த்ததில்லை. இப்போது பேக்கிங், அப்புறம் பிரசவ லீவு, திரும்பி வரும்போது "அவர் நல்லா ஓட்டுறாரும்மா, மாத்த முடியாது" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், என் மெஷின் போனது போனதுதான்.

சோழவரத்தில் எங்கள் வீட்டிலும் எனக்கு ஆதரவு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"சூப்பர்வைசரு தங்கமான மனுசன். அவருக்குக் கீற அக்கற உனுக்கு இல்ல," என்றார் அத்தை.

அத்தை லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், நாற்பது வயதுக்கு மேல் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் தன் பேரில் பேங்கில் விழுவதை மெசேஜ் வரும்போதெல்லாம் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பவர். வேலைக்குப் போகிற பொம்பளையே இப்படிப் பேசினால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அந்தக் கதிர் கூண்டை விட்டு வெளியே வராது அத்தே என்று தொண்டை கிழியக் கத்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் முழுசாகத் தெரியாது. பயிற்சி கொடுத்தவர் கண்ணுக்கு என்ன ஆகும், கைக்கு என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னார். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் அந்த வகுப்பில் என்னைத் தவிர இல்லை, நானோ அப்போது கல்யாணமாகாதவள்.

இந்தக் கடுப்பில் இருக்கும்போதுதான் ஈறில் அது முளைத்தது. மேல் வரிசையில் முன்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில், முதலில் துவரம்பருப்பு அளவு, பிறகு வேர்க்கடலை அளவு. செக்கச்செவேல் என்று இருக்கும். வலி இல்லை. ஆனால் தொட்டால் போதும், ரத்தம். பல் விளக்கினால் ரத்தம், தோசையைக் கடித்தால் ரத்தம். சோற்றுப் பருக்கையில் ரத்தம் கலந்து நாக்கில் படும்போது அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? தயிரையும் கஞ்சியையும் குடித்துக்கொண்டு இருந்தேன். செக்கப்புக்குப் போன இடத்தில் எடை ஏறவில்லை என்று நர்ஸம்மா திட்டினார்.

"இதுக்கெல்லாம் திருவள்ளூர் கொளந்தான்," என்றார் அத்தை. "மருவு, பாலுண்ணி, கட்டி எதுன்னாலும் அங்க வெல்லம் கரைச்சா கரைஞ்சி பூடும். அமாவாசைக்கிப் போலாம்."

எனக்குச் சாமியிடம் ஒரு சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் சூப்பர்வைசரிடம்தான். அமாவாசைக் காலையில் செங்குன்றம் போய் பஸ் மாறி, திருவள்ளூரில் இறங்கினோம். பெருமாள் கோயில் குளத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டம். படியில் நின்று வெல்லத்தைத் தண்ணீரில் விட்டேன், என்னுடையதும் இப்படியே கரையட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் அத்தை நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். பசி. ஆசையாக வடையைக் கடித்தேன். இலையில் சொட்டு சொட்டாக ரத்தம் விழுந்தது, நின்றபாடில்லை.

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. என் வாயில் கர்ச்சீப்பை வைத்து அழுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே மாடியில் பல் படம் போட்ட போர்டு.

"எந்திரி. சாமி வழி காட்டிட்டாரு. ஏறு மேல," என்றார்.

டாக்டர் என் வயசுப் பெண்தான். ரத்தத்தை நிறுத்தி, விளக்கை அடித்துப் பார்த்தார், எத்தனாவது மாசம் என்று கேட்டார். அஞ்சு என்றேன்.

"கர்ப்பமா இருக்கும்போது சில பேருக்கு இப்படி ஈறுல சதை வளரும். பேரைக் கேட்டா பயப்படுவீங்க, ட்யூமர்னு வரும். ஆனா இது கேன்சர் இல்ல. பிரசவத்துக்கு அப்புறம் பாதி பேருக்குத் தானா சுருங்கிடும், அதனால விட்டு வைக்கிறதும் உண்டு. உங்களுக்குச் சாப்பிடவே முடியல, ரத்தம் போகுது. இப்ப எடுக்கிறதுதான் நல்லது. பிரசவம் பாக்குற டாக்டர்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வாங்க. லேசர்ல எடுத்துடலாம்," என்றார்.

லேசரா?

நியாயமாகப் பார்த்தால் நான் குதித்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா மேடம்?" என்று கேட்டேன்.

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, ஒண்ணும் ஆவாது ஒண்ணும் ஆவாதுன்னு ஊட்ட ரெண்டாக்கிக்கினு இருந்தவ யாரு? நீயா, பக்கத்தூட்டுக்காரியா?"

எனக்கு வந்த வெட்கத்துக்கு அந்த நாற்காலிக்குள்ளேயே புதைந்து போயிருப்பேன். ஆனால் டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். எக்ஸ்ரே உடம்பைத் துளைத்துக்கொண்டு போகும், இது போகாது. இது வெறும் ஒளி, பட்ட இடத்தில் நூலளவு ஆழத்துக்குள் சதையே அதைக் குடித்துவிடும். வாயில் வைத்தது தொண்டைக்குக்கூடப் போகாது, வயிற்றுக்கு எங்கே போகிறது? கண்ணில் மட்டும் படக்கூடாது, அதற்குக் கண்ணாடி உண்டு. புகை வரும், அதை உறிஞ்சி எடுத்துவிடுவோம்.

"மேடம், நான் கம்பெனில லேசர் மிஷின்தான் ஓட்டுறேன். போன மாசம் மாத்திட்டாங்க, கதிர் ஆவாதுன்னு."

"மூடின மிஷினா?"

"மூடினதுதான். கதவு தெறந்தா நின்னுடும்."

"அப்ப கதிரைப் பத்தி பயமில்ல. இரும்புப் புகையை சுவாசிக்கக்கூடாது, ரொம்ப நேரம் நிக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அதை உங்க டாக்டர்கிட்டயும் கேளுங்க. கதிரையே காரணமாச் சொன்னாங்கன்னா அது சரியில்ல."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் குருட்டாம்போக்கில் கத்தினது சரியாகிப் போனதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை மட்டும் டாக்டரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிரசவ டாக்டர் சரி என்று சொன்னதும், அடுத்த வாரம் பல் டாக்டரிடம் கிளம்பும்போது எனக்குக் கல்யாணத்துக்குப் போவதுபோலப் பரபரப்பு. அரும்பாக்கத்துச் சித்தி வீட்டுக்குக்கூட அவ்வளவு ஆசையாக நான் கிளம்பினதில்லை. என் மெஷினின் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் அல்லவா. நாற்காலியில் சாய்வதற்கு முன்னாலேயே கேட்டேன், எத்தனை கிலோவாட் மேடம் என்று.

"கிலோவாட்டா?" டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "மூணு வாட்டுக்கும் கம்மி."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என்னுடையது மூவாயிரம் வாட். மேஜை மேல் டிபன் டப்பா அளவு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கண்ணாடி நார், நுனியில் பேனா மாதிரி ஒன்று. காஸ் சிலிண்டர் எங்கே என்று பார்த்தேன். எங்கள் மெஷினில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ சேர்த்து அடிக்காமல் வெட்டாது. வாய்க்குள் ஆக்சிஜன் அடிப்பீர்களா என்று நான் கேட்க, உங்க மூச்சே போதும் என்றார் டாக்டர்.

அடுத்ததாக நான் செய்த காரியம்தான் அத்தை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பது. எங்கள் ஷெட்டில் பித்தளை, செம்புத் தகடு ஏற்றினால் எல்லோருக்கும் உதறல். பளபளப்பில் ஒளி திரும்பி அடித்து மெஷின் ஹெட்டையே தீர்த்துவிடும். மெஷினருகே மினுக்குகிற எதையும் கொண்டு போகாமல் பழகின கை என் கை. மூக்குத்தியைக் கழற்றினேன், கம்மலைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன். பிறகு யோசிக்காமல் தாலிச் சரடில் கை வைத்துத் தலைவழியாகத் தூக்கிவிட்டேன்.

"அடியேய்," என்று அத்தை போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "புள்ளத்தாச்சி தாலியக் கழட்டுவியா? புத்தி கெட்டுப் போச்சா உனுக்கு?"

"திருப்பி அடிக்கும் அத்தே. தங்கம் பளபளன்னு கீது இல்ல."

டாக்டர் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. மூக்குத்தியைக் கழற்றினது சரி, அது வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது, தாலி துணிக்குள் இருக்கட்டும், அங்கே ஒளி போகாது என்றார். அத்தை என் கையிலிருந்து சரடைப் பிடுங்கி, அவரே என் கழுத்தில் போட்டு, ஜாக்கெட்டுக்குள் தள்ளி, மேலே ஒரு அடியும் கொடுத்தார். நான் வெளியே போகமாட்டேன், இவள் இன்னும் எதைக் கழற்றுவாளோ என்று அவர் அடம்பிடித்ததால் அவருக்கும் ஒரு கண்ணாடி கிடைத்தது. ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் என் செருப்புப் பையை வைத்துக்கொண்டு அத்தை குந்தியிருந்த கோலத்தை நான் போட்டோ எடுக்காமல் விட்டது பெரிய நஷ்டம்.

இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள், வயிற்றுப் பாரம் அழுத்தாமல் இருக்க. ஈறில் சின்னதாக ஒரு ஊசி. டாக்டர் நார் நுனியை ஒரு கார்க் துண்டில் தொட்டுத் தொட்டுக் கறுப்பாக்கினார். நுனி கருகினால்தான் சூடு அங்கேயே நிற்கும் என்றார். எனக்குச் சொன்னது, ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டருக்குச் சொல்வதுபோல. அதில் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வேன்.

பிறகு பீப் பீப் என்று சத்தம். சிவப்பாக ஒரு புள்ளி. டாக்டர் சின்ன பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பதுபோல அந்தச் சதையின் அடியில் மெல்ல இழுத்தார். முடி பொசுங்கும் வாசம் வந்தது, உறிஞ்சுகிற குழாய் பக்கத்திலேயே இருந்ததால் உடனே போய்விட்டது. வலி இல்லை. வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை, அதுதான் கொடுமை. எனக்கோ ஆயிரம் கேள்வி. ஏன் நிறுத்தி நிறுத்தி அடிக்கிறீர்கள், சூடு பரவாமல் இருக்கவா, நாங்களும் மெல்லிய தகட்டுக்கு அப்படித்தான் என்று சொல்லத் துடித்துக்கொண்டு விரலை ஆட்டினேன். வலிக்கிறதோ என்று டாக்டர் நிறுத்திவிட்டார். அத்தைதான் சொன்னார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. பேச வருதாம். நீங்க உங்க வேலயப் பாருங்க."

அந்த நேரத்தில்தான் வயிற்றில் பிள்ளை புரண்டது. அத்தை என் வயிற்றின் மேல் கை வைத்திருந்தார், அவருக்கும் அது தெரிந்தது. கண்ணாடிக்குள்ளே அவர் கண் பெரிதானது. கையை எடுக்கவே இல்லை.

முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. தையல் இல்லை. ரத்தம் பஞ்சில் ஒரு கறை, அவ்வளவே. சதைத் துண்டைச் சின்ன பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எதுவானாலும் பார்த்துவிடுவது வழக்கமாம். எனக்கு முகம் பார்க்கிற கண்ணாடி கொடுத்தார்கள். வெட்டின ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். நாங்கள் தகட்டை வெட்டினால் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டு நிற்கும், அதற்குப் பேர் பர். அதை வைத்துத்தான் ஓட்டினவரின் லட்சணத்தைச் சொல்வோம்.

"மேடம், பர் இல்ல. சுத்தமான கட்டிங்," என்றேன். மரத்துப்போன உதட்டால் சொன்னதில் பாதி எச்சில்தான் வந்தது.

பரிசோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்று வந்தது. சில நாளில் அந்த இடம் ஆறி, ஈறு பழைய நிறத்துக்கு வந்தது. திரும்ப வளரவும் வாய்ப்புண்டு, பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் விழுந்து விழுந்து சாப்பிட்டேன். அடுத்த செக்கப்பில் நர்ஸம்மாவுக்குத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் மெஷின்? வாயில் லேசர் வைத்த மறுநாளே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். என் வாய்க்குள்ளேயே லேசர் வைத்தார்கள் சார் என்றேன்.

"அது சின்ன லேசர்மா, இது பெரிய லேசர்," என்றார்.

"பெருசுன்னாலும் கதவுக்குள்ளதான சார் கீது? தகடு ஏத்துறதுக்கு ஆள் கீது, புகைய உறிஞ்சக் குழாய் கீது. நான் உக்காந்துக்கினு கம்ப்யூட்டர்ல ப்ரோகிராம் பாக்குறேன் சார்."

"பாக்கலாம், பாக்கலாம்." அவர் பாக்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பெட்டிக்கு டேப் ஒட்டப் போனேன். ஒட்டின வேகத்தில் டேப் கிழிந்தது.

ஏழாம் மாதம் வீட்டில் வளைகாப்பு. பேக்கிங் பெண்கள் எல்லோரும் வந்தார்கள், மரியாதைக்காகச் சூப்பர்வைசரும் வந்தார். கன்னத்தில் சந்தனமும் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலுமாக நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பந்தியில் சூப்பர்வைசர். அத்தை புளிசாதம், எலுமிச்சை சாதம் என்று ஒவ்வொன்றாக அவருக்குப் பரிமாறிக்கொண்டு வந்தார். தயிர்சாதம் வைக்கும்போது கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"சார், எம் மருமவ வாயில லேசர் வச்சாங்க. நான் பக்கத்துலயே கண்ணாடி மாட்டிக்கினு குந்திக்கினு இருந்தேன். அப்ப புள்ள உள்ள உருண்டுச்சி, எங்கையில பட்டுச்சி. நீங்க கதிரு ஆவாதுன்னு சொன்னப்ப நானும் உங்க கட்சிதான். இப்ப இல்ல. இன்னாத்துக்கு சார் அவள மிஷினாண்ட உடமாட்றீங்க?"

சூப்பர்வைசர் கையில் சாதத்தோடு எழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை அவர். இலையைப் பார்த்தபடியே உண்மையைச் சொன்னார்.

"கதிரு மட்டும் இல்லம்மா. கைக்குழந்தையை வச்சுக்கினு எத்தனை பேர் திரும்பி வராங்க? வந்தாலும் நாளைக்குக் காய்ச்சல், நாளான்னிக்கு ஊசின்னு லீவு. அந்த மிஷின் ஒரு நாள் நின்னா நான் பதில் சொல்லணும். அதான் இப்பவே ஆளை மாத்திட்டேன்."

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிப் பேசி முடிக்காமல் விட்டிருந்தோம்.

அத்தை கரண்டியைச் சட்டியில் வைத்தார். "அவ வருவா. புள்ளைய நான் பாத்துக்குறேன். கேன்டீன் வேலய இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் தண்ணீர் ஜக்கோடு அப்படியே நின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அது அந்த நிமிஷம்தான் தெரியும். அத்தை பேரில் விழும் அந்தச் சம்பளம் அத்தைக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், மாசாமாசம் படித்துக் காட்டுகிறவள் நான்தானே. "அத்தே, வேணா," என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் சந்தனத்தில் இறங்கியது.

"நீ கம்முனு இரு," என்றார் என் பக்கம் திரும்பாமலே.

சூப்பர்வைசர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. லீவு வரைக்கும் உக்காந்து ப்ரோகிராம் பாக்கட்டும். திரும்பி வந்ததும் மிஷின் அவங்களுதுதான்."

"என்னாண்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க?" என்றார் அத்தை. "அதோ குந்திக்கினு கீறா. அவளாண்ட சொல்லுங்க."